கடைச் சாவி நம் கையில்; கம்ப்யூட்டர் சாவி யார் கையில்?



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நஷ்டப்பட்டவன் என்ற தகுதி ஒன்றே எனக்குண்டு.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்ததும் எங்கள் மண்டியின் நாள்வழி, பேரேடு, பற்று வரவு அனைத்தும் கம்ப்யூட்டருக்குள் போயின. கையால் எழுதி வந்த சிட்டையை அத்தோடு நிறுத்தினேன். 2019 ஐப்பசியில் ஒரு மழை இரவு. கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டுத்தான் மண்டியைப் பூட்டினோம். இரவெல்லாம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. யு.பி.எஸ். பேட்டரியோ பழசு. கரண்ட் வந்தபோதெல்லாம் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்கிறது. எழுந்து முடிப்பதற்குள் மறுபடி கரண்ட் போயிருக்கிறது. காலையில் கணக்கு ஃபைல் திறக்கவில்லை. கடைசியாக எடுத்து வைத்த நகல் 11 நாள் பழசு.

அந்த 11 நாள் வசூலை ஞாபகத்திலிருந்து எழுதினோம். ஒரு சிறு மளிகைக்காரர் கட்டிய 18,500 ரூபாய் விட்டுப் போயிற்று. பாக்கி கேட்டு ஆள் அனுப்பினேன். அவர் ரசீதோடு நேரில் வந்து, "அண்ணாச்சி, இருபது வருஷப் பழக்கம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆள் அனுப்பியிருக்கலாமே" என்றார். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன. கணக்கு அன்றே நேராயிற்று. அவர் மீண்டும் எங்களிடம் சரக்கெடுக்க ஆறு மாதம் ஆயிற்று.

கோளாறு எங்கே என்று விசாரித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் பயாஸ் என்றொரு அமைப்பு இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது அதுதான். அந்த நேரத்தில் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பெரும்பாலான மெஷின்களில் அதன் பக்கம் திறக்கும். சில கம்பெனிகளில் விசை வேறாக இருக்கும்.

அங்கே "ஏசி பவர் லாஸ்" என்ற சொற்களோடு ஒரு வரி உண்டு. போன கரண்ட் திரும்பி வந்தால் மெஷின் என்ன செய்ய வேண்டும் என்பதை அதில்தான் சொல்லி வைக்கிறோம். "பவர் ஆஃப்" என்றால் நாம் பட்டனை அழுத்தும் வரை எழாது. "பவர் ஆன்" என்றால், நாம் அணைத்துவிட்டுப் போயிருந்தாலும் எழுந்துவிடும். "லாஸ்ட் ஸ்டேட்" என்றால், கரண்ட் போன நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் எழும். எங்கள் மெஷினில் "பவர் ஆன்" என்று இருந்தது. மெக்கானிக் வசதிக்காக வைத்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரவு ஆளில்லாத கடைக்கு "பவர் ஆஃப்" தான் சரி என்பது என் கருத்து. ஆள் வந்து, கரண்ட் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துப் பட்டனை அழுத்தட்டும். அதில் அரை நிமிஷம்தானே போகும்?

குறித்த நேரத்தில் தானாக எழுப்பும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது, ஆர்.டி.சி. அலாரம் என்பார்கள். காலை எட்டு மணிக்கு எழச் சொன்னால் எழும். ஆனால் அணைந்திருக்கும்போதும் உள்ளே 5 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். ராத்திரி மெயின் சுவிட்சை அணைப்பது நம் கடைகளின் வழக்கம். அப்படி அணைப்பவர்களுக்கு இந்த அலாரத்தால் பயனில்லை. தீ விபத்தை நினைத்தால் மெயினை அணைப்பதே நல்லது.

மெயினை அணைத்த பிறகு கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் ஒரு வட்ட பேட்டரி. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வகை. விலை மிகக் குறைவு. அது தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும்; நாம் மாற்றி வைத்த அமைப்புகளும் பழையபடி ஆகிவிடலாம். தேதி தவறிய பில்லோடு சரக்கு ரோட்டில் நின்றால் யார் பதில் சொல்வது? காலையில் தேதி தவறாகக் கண்டால் அன்றைக்கே பேட்டரியை மாற்றுங்கள்.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கெதற்கு?" என்பவர்கள் உண்டு. மாற்றுவது அவர் வேலையாக இருக்கட்டும். என்ன மாற்றினார் என்று அறிவது முதலாளியின் வேலை. தராசைச் சரிபார்க்க ஆள் வந்தால் பக்கத்தில் நிற்கிறோமல்லவா? அதுபோல இங்கும் நின்று கேளுங்கள். கரண்ட் திரும்பினால் எழுமா? அலாரம் உண்டா? பேட்டரி எப்போது மாற்றியது? பாஸ்வேர்டு போட்டிருக்கிறீர்களா? பதில்களை ஒரு அட்டையில் எழுதிப் பேரேட்டுக்குள் வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

இத்தனை செய்தாலும் நல்ல யு.பி.எஸ்., அன்றன்றைக்கு நகல், கையெழுத்துச் சிட்டை ஆகிய மூன்றும் வேண்டும். வேலை நடுவே கரண்ட் போனால் காப்பாற்றுபவை அவையே. நான் மறுபடி சிட்டை எழுதுகிறேன்.

நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டரை மேஜை மேல் வைத்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதை உறுப்பினர்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கடனுக்குச் சரக்குக் கொடுத்து வாங்கும் நமக்குக் கணக்குதான் நாணயம். அது ராத்திரியில் யார் சொல்லி எழுகிறது, யார் சொல்லி உறங்குகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?