தோலுக்குள் குரோமியம், மூளைக்குள் தண்ணீர்

ஆம்பூர் என்றால் பிரியாணி, வாணியம்பாடி என்றால் தோல், வேலூர் என்றால் ஆஸ்பத்திரி. சென்னை-பெங்களூர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இந்தப் பக்கத்துப் பூகோளம் அவ்வளவுதான். பிரியாணியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டால் (கஷ்டம்தான்!) மிச்சம் இருப்பது தோலும் ஆஸ்பத்திரியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? டேனரியில் சுற்றும் டிரம்முக்குள் நடப்பதும், ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் அளக்கப்படுவதும் அடிப்படையில் ஒரே சங்கதி. அதன் பெயர் விரவல். ஆங்கிலத்தில் டிஃப்யூஷன்.

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மையை விடுவார்கள். மை மெல்லப் பரவும். வாத்தியார் கரும்பலகையில் வரையறையை எழுதுவார். பரீட்சைக்கு இரண்டு மார்க். அத்தோடு விரவலுக்கு விடைகொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த இரண்டு மார்க் விஷயம் தெரிந்திருந்தால் ஒரு மனிதரின் கையும் காலும் பேச்சும் பிழைக்கலாம். அது எப்படி?

தோல் சொல்லும் பாடம்

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, உப்பு போட்டு வந்த பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த கரைசலில் பக்குவப்படுத்திய பிறகுதான் குரோமியம் கலந்த டிரம்மில் போடுகிறார்கள். குரோமியம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். தோல் என்பது நார்கள் பின்னிக் கிடக்கும் காடு. அதற்குள் வழி கண்டுபிடித்து நுழைய மணிக்கணக்கில் ஆகிறது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட பழைய காலத்தில் இதே வேலைக்கு வாரக்கணக்கில் ஆனது.

உள்ளே போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? அனுபவசாலி ஒருவர் தோலின் தடிமனான இடத்தில் கத்தியால் ஒரு கீறு கீறி, வெட்டுமுகத்தைப் பார்ப்பார். விளிம்பு முதல் நடு வரை நீலம் ஏறியிருந்தால் சரி. நடுவில் வெள்ளைக்கோடு தெரிந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை 1905-ல் ஐன்ஸ்டீன் எழுதினார். விரவிச் செல்லும் துகள் போகும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். அதாவது தோல் இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால் நேரம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு. ஐன்ஸ்டீனைப் படிக்காத மேஸ்திரிக்கும் இது கைப்பழக்கத்தில் தெரியும்.

மூளைக்குள் இருக்கும் தண்ணீரும் இப்படித்தான் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கிறது. அங்கேயும் ஒரு காடு இருக்கிறது. நரம்புச் செல்கள், நார்கள், சவ்வுகள். உடல் சூட்டில் தடையில்லாத தண்ணீரின் ஒரு மூலக்கூறு 50 மில்லிசெகண்டில் ஒரு திசையில் சுமார் 17 மைக்ரான் நகரும். மூளைத் திசுவுக்குள் அதே நேரத்தில் சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனைவிட மிகமிகக் குறைவு. மண்டையை வெட்டிப் பார்க்காமல் இந்த அசைவை எப்படி அளப்பது? அங்கேதான் டி.டபிள்யூ.ஐ. வருகிறது. டிஃப்யூஷன் வெயிட்டட் இமேஜிங்.

மைதானத்தில் ஒரு டிரில்

எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் குட்டிக் குட்டிக் காந்தங்கள். ரேடியோ அலையால் தட்டினால் அவை எல்லாம் சேர்ந்து சுழன்று ஒரு சிக்னலைத் திருப்பித் தரும். எல்லாம் ஒரே திசையைப் பார்த்தால் சிக்னல் பலமாக இருக்கும். ஆளுக்கொரு திசையைப் பார்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிக்னல் மங்கிவிடும்.

இப்போது பள்ளி மைதானத்தில் டிரில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரும் பி.டி. வாத்தியாரைப் பார்த்தபடி. அவர் விசில் அடித்ததும் முதல் ஆள் ஒரு டிகிரி திரும்ப வேண்டும், இரண்டாம் ஆள் இரண்டு டிகிரி, ஐம்பதாவது ஆள் ஐம்பது டிகிரி. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது விசில். இப்போது அவரவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ற அளவு பின்னோக்கித் திரும்ப வேண்டும். யாரும் இடம் மாறவில்லை என்றால் நூறு பேரும் மறுபடி வாத்தியாரைப் பார்த்தபடி நிற்பார்கள். நடுவில் யாராவது இடம் மாறியிருந்தால்? முப்பதாவது இடத்திலிருந்து நாற்பதாவது இடத்துக்கு ஓடியவன் முப்பது டிகிரி திரும்பி, நாற்பது டிகிரி பின்னால் வருவான். கோணலாக நிற்பான். மாட்டிக்கொள்வான்!

டி.டபிள்யூ.ஐ. செய்வது இதே தந்திரம்தான். இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத்தை ஒருமுறை தட்டிவிட்டு, சில பத்து மில்லிசெகண்ட் கழித்து அதை ரத்து செய்யும்படி இன்னொருமுறை தட்டுகிறார்கள். நகராத தண்ணீரின் சிக்னல் அப்படியே இருக்கும், படத்தில் வெளிச்சமாகத் தெரியும். நகர்ந்த தண்ணீரின் சிக்னல் கரைந்துபோகும், படத்தில் இருட்டாகத் தெரியும். பல திசைகளில் அளந்து சராசரி எடுக்கிறார்கள். ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

இந்த இரட்டைத் தட்டல் முறையை 1965-ல் ஸ்டெய்ஸ்கல், டேனர் என்ற இருவர் வெளியிட்டார்கள். (தோல் கட்டுரையில் டேனர் என்றே ஒருவர் வருவது தற்செயல்தான்.) 1980-களின் நடுவில் பிரான்சில் டெனிஸ் ல பியான் அதை மனித மூளைப் படத்துக்குக் கொண்டுவந்தார். மின்னல் வேகத்தில் படம் எடுக்கும் முறையைத் தந்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கு 2003-ல், பால் லாட்டர்பருடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

மூளையில் வெள்ளைப்புள்ளி

1990-ல் மைக்கேல் மோஸ்லியும் சகாக்களும் பூனைகளின் மூளையில் ரத்தக்குழாயை அடைத்துவிட்டு இந்த ஸ்கேனை எடுத்தார்கள். மற்ற படங்களில் ஒன்றும் தெரியாதபோது, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே டி.டபிள்யூ.ஐ.யில் பாதிக்கப்பட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது.

ஏன்? ரத்தம் நின்றால் பிராணவாயு இல்லை. பிராணவாயு இல்லை என்றால் செல்லின் சோடியம் பம்ப் ஓடாது. பம்ப் நின்றால் உப்பு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். செல்கள் வீங்கும். செல்களுக்கு நடுவில் இருந்த சந்துகள் குறுகும். தண்ணீர் அலைய இடமில்லாமல் முடங்கும். அதன் விரவல் வேகம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைகூடக் குறையும். முடங்கிய தண்ணீர் ஸ்கேனில் வெள்ளையாக ஒளிரும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புதிய பக்கவாதம் அல்ல. பழைய பாதிப்பும் சில சமயம் வெள்ளையாக ஒளிரும். சீழ்க்கட்டியும் சிலவகைக் கட்டிகளும்கூட அப்படித்தான். அதனால் ஏ.டி.சி. என்ற இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அது விரவல் வேகத்தின் நேரடிக் கணக்கு. முதல் படத்தில் வெளுத்து, இரண்டாவது படத்தில் கறுத்தால் தண்ணீர் நிஜமாகவே முடங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, மூளைத்தண்டில் வரும் சின்ன அடைப்புகள் முதல் சில மணி நேரத்தில் இந்த ஸ்கேனிலும் தப்பிவிடக்கூடும். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

மிஷின் வந்தால் போதுமா?

இவ்வளவு நல்ல கருவி என்றால் தாலுகாவுக்குத் தாலுகா ஒரு எம்.ஆர்.ஐ. வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஊரில் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்தக் கோரிக்கையில் தப்பில்லை. ஆனால் அதை முதல் கோரிக்கையாக வைப்பதுதான் தப்பு.

ஒரு உதாரணம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கு மத்தியானம் மூன்று மணிக்கு வாய் கோணுகிறது, வலதுகை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக என்ன நடக்கும்? "வெயில்ல வந்தாங்க, மயக்கமா இருக்கும்" என்பார் ஒருவர். சோடா வரும். கொஞ்ச நேரம் படுக்கவைப்பார்கள். கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, எண்ணெய் தேய்ச்சா சரியாகிடும்" என்பார் பெரியம்மா. ராத்திரி பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ். காலையில் யாரோ சொல்லி ஸ்கேன் சென்டருக்குப் போய், ஃபிலிமை வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஆம்பூரிலிருந்து வேலூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். நல்ல சாலை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது, காசு வாங்குவதில்லை. 1949-லேயே டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கிய சி.எம்.சி. இருப்பது இந்த மண்ணில்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மூன்று மணிக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் தொலைந்துபோன நேரம் சாலையில் தொலையவில்லை. சோடாவிலும் எண்ணெயிலும் குளுக்கோஸ் பாட்டிலிலும் தொலைந்தது.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்பது 2008 முதல் உறுதியான விஷயம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.கூடத் தேவைப்படாது! ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய ஒரு சாதாரண சி.டி. ஸ்கேன் போதும். கசிவு இருக்கும்போது கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அதை மட்டும் கட்டாயம் பார்ப்பார்கள்.

அப்படியானால் டி.டபிள்யூ.ஐ. எதற்கு? நேரம் தெரியாதவர்களுக்கு அது பெரிய வரம். ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் கை விழுந்து எழுந்தால், எப்போது ஆரம்பித்தது என்று யாருக்குத் தெரியும்? அங்கே ஸ்கேனே கடிகாரம் ஆகிறது. டி.டபிள்யூ.ஐ. நிமிடங்களில் மாறும். ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படம் மாற சில மணி நேரம் ஆகும். முதலாவதில் பாதிப்பு தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், ஆரம்பித்து அதிக நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி போட்டால் பலன் உண்டு என்று 2018-ல் வெளியான வேக்-அப் என்ற ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வெளியான டான் ஆய்வு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் வழியாக அடைப்பை எடுக்கலாம் என்று சொன்னது.

ஆனால் கடிகாரம் நேரத்தைச் சொல்லும், போன நேரத்தைத் திருப்பித் தராது. தோலை வெட்டிப் பார்ப்பவர், வெள்ளைக்கோடு இருந்தால் டிரம்மை இன்னும் சுற்றவிடலாம். மூளையில் செத்த செல்லுக்கு அந்த வசதி இல்லை. கலந்துவிட்ட மையைச் சொட்டாகத் திருப்பி எடுக்க முடியாது என்பது விரவலின் முதல் பாடம். இந்த ஊர்களுக்கு அது புதிதும் அல்ல. பாலாற்றங்கரை நிலத்தடி நீரில் டேனரிக் கழிவு கலந்த பிறகு, 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் கடுமையான தீர்ப்பு கொடுத்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் கெட்ட கிணறுகளைப் பழையபடி ஆக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு இல்லாத மூன்று விஷயங்கள்.

ஒன்று, ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் ஒவ்வொரு பிரிவிலும் சூப்பர்வைசருக்கும் பஸ் டிரைவருக்கும் மூன்று அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று விழுகிறதா, ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் குழறுகிறதா. ஒன்று இருந்தாலும் 108. சோடாவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

இரண்டு, நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். கைபேசியில், கையில், அட்டையில், எதிலாவது. "2.50-க்கு நல்லா பேசிட்டிருந்தாங்க" என்று சொல்லத் தெரிந்த சக தொழிலாளி, பல கோடி ரூபாய் காந்தம் தரும் தகவலை இலவசமாகத் தருகிறார்.

மூன்று, தனி ஸ்கேன் சென்டருக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. ஸ்கேனும் ஊசியும் ஒரே இடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும்.

கூடவே ரத்த அழுத்தம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இல்லை என்று அந்த அக்கா திரும்பிப் போகாமல், கம்பெனி கேட்டுக்குள் அவரை வரவிட்டால் பல ஸ்கேன்கள் தேவையே படாது.

நீலம் ஏறிவிட்டதா என்று சரியான நிமிடத்தில் தோலைக் கீறிப் பார்க்கத் தெரிந்த ஊர் இது. ஒரு தோல் கெட்டால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடவும் தெரியும். அதே அக்கறையோடு, அந்தத் தோலைத் தைக்கிறவரின் வாய் கோணும் நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்க்கவும் பழகட்டும். மிஷின் அப்புறம் வரட்டும்.