பந்தய எந்திரமும் சுவாசக் கருவியும்

பார்முலா ஒன் கார் பந்தயத்தில் கோப்பையை உயர்த்தும் ஓட்டுநரை உலகம் அறியும். அவரது எந்திரத்தைக் கடைந்து கோத்தவர்களின் பெயர்கள் அந்த மேடையில் ஒலிப்பதில்லை. நிமிடத்திற்கு 15,000 சுற்றுகள் வரை விதிகள் அனுமதிக்கும் எந்திரம் அது. அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 250 முறை ஏறி இறங்குகிறது. சில மைக்ரான் பிசகினாலே எந்திரம் பாழாகும். கணினியால் இயங்கும் கடைசல் பொறிகள் வந்த பின்னும், வெட்டும் ஓசையிலேயே வெட்டுளி மழுங்கியதை அறியும் செவிக்கு மாற்று இல்லை. அந்தச் செவி பல்லாண்டு உழைப்பில் வாய்ப்பது.

இத்தகைய திறன் எதற்குப் பயன்பட வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்பதே கேள்வி.

மெர்சிடிஸ் நிறுவனத்தின் பந்தய எந்திரங்கள் பிரிட்டனின் பிரிக்ஸ்வொர்த்தில் உருவாகின்றன. 2020 மார்ச்சில் கொரோனா நோயாளிகள் மூச்சுக்குத் திணறியபோது, அதன் பொறியாளர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறியாளர்களோடும் மருத்துவர்களோடும் இணைந்தனர். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சுவாசக் கருவி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து, 100 மணி நேரத்திற்குள் முதல் கருவியைச் செய்து முடித்தனர். பிஸ்டனும் டர்போசார்ஜரும் செய்துவந்த 40 பொறிகள் சுவாசக் கருவிக்குத் திரும்பின. நாளொன்றுக்கு 1,000 வரை என்ற வேகத்தில் 10,000 கருவிகள் அரசு மருத்துவச் சேவைக்காக உருவாயின. வடிவமைப்பும் கட்டணமின்றி வெளியிடப்பட்டது.

இதை நிறுவனத்தின் பெருந்தன்மை என்று பாராட்டுவோர் உண்டு. பாராட்டட்டும். ஆனால் அதே பிரிட்டனில் 44 ஆண்டுகளுக்கு முன், லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து வெறும் முழக்கத்தோடு நிற்கவில்லை. போர் விமானங்களுக்கான பாகங்களுக்குப் பதிலாகத் தங்கள் கைத்திறனால் செய்யத்தக்க சுமார் 150 பொருள்களைப் பட்டியலிட்டு, 1976இல் மாற்றுத் திட்டத்தை முன்வைத்தனர். உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளும் அதில் இருந்தன. நிர்வாகம் நிராகரித்தது. திறனும் பொறிகளும் தேவையும் அன்றும் இருந்தன. முடிவெடுக்கும் உரிமை மட்டும் உழைப்போரிடம் இல்லை.

இங்கோ, அந்தத் திறனையே அழியவிடும் கொள்கை நடக்கிறது. பொறிகளைச் செய்யும் பொறிகளை நாமே செய்ய வேண்டும் என்று 1953இல் பொதுத்துறையில் எச்.எம்.டி. தொடங்கப்பட்டது. அதன் கைக்கடிகார ஆலைகளை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூத்த தொழிலாளி ஓய்வுபெறுகிறார். அவரிடம் தொழில் கற்க வேண்டிய இளைஞரோ ஒப்பந்தம் முடிந்து வெளியேற்றப்படுகிறார். இடையில் அறுந்துபோகும் கைப்பக்குவத்தை எந்தத் திறன் மேம்பாட்டுச் சான்றிதழும் மீட்டுத் தராது.

எஞ்சியுள்ள பொதுத்துறை எந்திர ஆலைகளின் காலியிடங்களை நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். பயிற்சி முடித்தோருக்கு அங்கேயே வேலை தர வேண்டும். எதை உற்பத்தி செய்வது என்று முடிவு செய்யும் இடத்தில் தொழிற்சங்கமும் அமர வேண்டும்.