விட்டுப் பிடிக்கும் கைகள்

லிஸ் ஹார்ட்டெல் என்ற பெயரை நம் வாசகிகளில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பாதகமில்லை. டென்மார்க் தேசத்துப் பெண்மணி. 1921-ம் வருஷம் பிறந்தவர். குதிரைச் சவாரி என்றால் அவருக்கு உயிர். குதிரையை ஓட வைப்பதும் தாண்ட வைப்பதும் ஒரு வித்தை என்றால், அதைக் கைதேர்ந்த நாட்டியக்காரி மாதிரி அடி பிசகாமல் நடக்கவும் திரும்பவும் நிற்கவும் வைப்பது இன்னொரு வித்தை. அதற்கு 'டிரஸ்ஸாஜ்' என்று பெயர். அந்தப் போட்டியில் 1943, 1944 இரண்டு வருஷமும் டென்மார்க்கின் சாம்பியன் லிஸ்தான்.

1944 செப்டம்பரில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. வயது 23. வயிற்றில் இரண்டாவது குழந்தை. இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டதென்று 2014 மார்ச்சில் சான்று கிடைத்துவிட்டது. ஆகையால் இளம் தாய்மார்களுக்கு அந்த நோயின் பயங்கரம் தெரிய நியாயமில்லை. உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடந்தால் அதுவே அதிகம் என்றார்கள் வைத்தியர்கள். குழந்தை சௌக்கியமாகப் பிறந்தது. தாயார்தான் குழந்தையைப் போல எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது: கையைத் தூக்க, தவழ, பிறகு கோலூன்றி நிற்க. அதற்கப்புறம் அந்த அம்மாள் கேட்டது என்ன தெரியுமா? குதிரை!

நம் வீட்டில் ஒரு பெண் அப்படிக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்? "கைக்குழந்தைக்காரி, விழுந்து வைத்தால் என்ன ஆகும்? பேசாமல் ஒரு மூலையில் உட்காரு. எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றுதான். அன்பினால்தான் சொல்வோம், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு எத்தனை பேரை எத்தனை வருஷம் மூலையிலேயே உட்கார வைத்திருக்கிறது!

லிஸ் உட்காரவில்லை. முழங்காலுக்குக் கீழே பலம் திரும்பவே இல்லை. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் ஒத்தாசை வேண்டும். சாதாரணமாகச் சவாரி செய்கிறவர்கள் காலால் அழுத்தித்தான் குதிரைக்கு உத்தரவு கொடுப்பார்கள். இவருக்கோ அது இல்லை. இடுப்பைச் சற்றுச் சாய்ப்பது, முதுகை நிமிர்த்துவது, உடம்பின் பாரத்தை இப்படியும் அப்படியும் மாற்றுவது - இவற்றாலேயே 'ஜூபிலி' என்ற தம் குதிரையோடு பேசக் கற்றுக்கொண்டார். 1947-ல் ஸ்காண்டிநேவியப் போட்டியில் இரண்டாவது பரிசு.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். அதற்கு முன்னால் ஒலிம்பிக் குதிரைப் பந்தயங்களில் பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது. அந்த வருஷந்தான் டிரஸ்ஸாஜில் பெண்களுக்குக் கதவு திறந்தது. நுழைந்த பெண்கள் நாலே பேர். ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே போட்டியிட்ட அந்தப் பந்தயத்தில் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்ரி ஸான் ஸிர், அவருக்குக் கைலாகு கொடுத்துப் பரிசு மேடைக்கு அழைத்து வந்தார். அப்போதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது, இந்த அம்மாளால் நடக்க முடியாது என்று! 1956-லும் அவருக்கு வெள்ளிதான்.

இந்தச் செய்தி வெறும் பத்திரிகைப் பரபரப்போடு நின்றிருந்தால் நான் இங்கே எழுத வந்திருக்க மாட்டேன். அதே ஐம்பதுகளில் நார்வேயில் எல்ஸெபெத் பட்கர் என்ற சிகிச்சை நிபுணர், ஊனமுற்ற குழந்தைகளை மட்டக் குதிரைகள்மேல் ஏற்றிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்திலும் சில பெண்மணிகள் தங்கள் வீட்டுக் குதிரைகளைக் கொண்டு இதைத் தொடங்கினார்கள். 1965-ல் அவர்கள் ஓர் ஆலோசனைக் குழுவாகக் கூடினார்கள். 1969-ல் அது 'ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன்' என்ற சங்கமாயிற்று. இன்று பிரிட்டனில் அதற்கு 400-க்கு மேற்பட்ட கிளைகள். இளவரசி ஆன் 1985-ல் அதன் தலைவரானார். அவர் சும்மா பெயருக்கு வந்தவர் அல்ல. 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தாமே குதிரையேறிப் போட்டியிட்டவர்.

ஆனால் இளவரசி வந்து லாயத்தைக் கூட்டிப் பெருக்க முடியுமா? அந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஓய்வு பெற்ற உபாத்தியாயினிகள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள், குதிரைப் பைத்தியம் பிடித்த பள்ளிக்கூடப் பெண்கள் - இப்படிப்பட்டவர்களே அநேகம். சவாரி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. லத்தி அள்ளவும், வைக்கோல் சுமக்கவும், மழையில் நனையவும் தெரிந்தால் போதும்!

குதிரை எப்படி வைத்தியம் செய்கிறது என்று கேட்பீர்கள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. மேலே இருப்பவரின் இடுப்பும் அதோடு அசைகிறது. அந்த அசைவு ஏறக்குறைய நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதைப் போலவே இருக்கிறது. அதாவது, பிறந்ததிலிருந்து ஓர் அடி வைத்தறியாத குழந்தைக்கும் நடப்பது எப்படியிருக்கும் என்பதை அதன் உடம்பு தெரிந்துகொள்கிறது. குதிரை உடம்பின் வெதுவெதுப்பு, இறுகிக் கிடக்கும் கால் தசைகளைத் தளர்த்துகிறது. இன்னொன்றும் உண்டு, அதை எந்த வைத்தியரும் சீட்டில் எழுதித் தர வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை எப்போதும் எல்லாரையும் அண்ணாந்து பார்க்கிறது. குதிரைமேல் ஏறினால் எல்லாரும் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள்!

புதிதாக வரும் குழந்தை ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று தொண்டர்கள். ஒருவர் குதிரையின் தலைக் கயிற்றைப் பிடித்து முன்னே நடப்பார். மற்ற இருவரும் இரு பக்கமும் நடப்பார்கள். இந்தப் பக்கத்துக்காரர்களின் வேலைதான் ரொம்பவும் நுணுக்கமானது. சட்டென்று கையை நீட்டித் தாங்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் அவசியமில்லாமல் தொடக் கூடாது. குழந்தை சற்றே சாய்ந்தால் உடனே பிடித்து நிமிர்த்த நம் கை பறக்கும். பிடித்தோமானால் குழந்தை நம் கையில் சாய்ந்துகொள்ளுமே தவிர, தன் முதுகைத் தானே நிமிர்த்தப் பழகாது. இந்த வினாடி காத்திருக்கலாமா, பிடித்தே ஆக வேண்டுமா என்பதை நடந்துகொண்டே தீர்மானிக்க வேண்டும். பேச்சும் அளவோடுதான். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேர் "நிமிரு, நிமிரு" என்றால் குழந்தை பாவம், யார் சொல்வதைக் கேட்கும்?

பெற்ற தாயார் பெரும்பாலும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறாள். இது சிலருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். எனக்கு நல்ல ஏற்பாடாகவே படுகிறது. பிள்ளையை வருஷக்கணக்காகத் தூக்கிச் சுமந்த கைக்கு, பிடிக்காமல் இருப்பது லேசில் வராது.

அஜாக்கிரதையாக எதுவும் நடப்பதில்லை. தலைக்குக் கவசம் உண்டு. கால் வைக்கும் அங்கவடியில் ஒரு பக்கம் ரப்பர் வளையம் போட்டதும் உண்டு. தவறி விழுந்தால் அது கழன்று காலை விட்டுவிடும். சக்கர நாற்காலியோடு மேலே வந்து குதிரையில் மாற சாய்வு மேடை இருக்கிறது. ஊன்றுகோல் கீழே விழுந்தாலும், யாராவது வீரிட்டுக் கத்தினாலும் மிரளாத சாதுக் குதிரைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதுகெலும்புக் கோளாறு சிலவற்றுக்குச் சவாரி உதவாது, அத்தகையவர்களை ஏற்றுவதில்லை. குதிரைமேல் உட்கார முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நாளாக ஆக, ஒரு பக்கத்துத் தொண்டர் விலகுகிறார். பிறகு மறு பக்கத்தவர். ஒருநாள் முன்னால் நடப்பவர் கயிற்றையே கழற்றிவிடுகிறார்.

அப்படிக் கயிறு கழன்ற ஒருத்தியைச் சொல்கிறேன். ஸோஃபி கிறிஸ்டியன்ஸன் இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, மூளை வாதம். ஆறாவது வயதில் இந்தச் சங்கத்தின் கிளை ஒன்றில் சிகிச்சைக்காகக் குதிரை ஏற்றினார்கள். பதினாறு வயதில், 2004-ல், ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினாள். 2008, 2012, 2016 மூன்று விழாக்களிலும் சேர்த்து எட்டுத் தங்கம்! நடுவே கணிதத்தில் பல்கலைக் கழகப் பட்டமும் வாங்கினாள். வருகிற குழந்தைகள் எல்லாரும் ஸோஃபி ஆகிவிடுவதில்லை. ஒரு சுற்று முழுக்கப் பிறர் பிடிக்காமல் நிமிர்ந்து உட்காருவதற்கே சிலருக்கு ஒரு வருஷம் ஆகலாம். அதற்கும் வேலி ஓரத்தில் கைதட்டல் உண்டு.

கஷ்டங்கள் இல்லாமலில்லை. குதிரைக்குத் தீனி, லாடம், வைத்தியம் எல்லாம் பணம். 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது சவாரிகள் நின்றுபோயின. குதிரைகளின் வயிறு நிற்குமா? பல கிளைகளில் இடத்துக்குக் காத்திருக்கும் பட்டியல் நீளம். ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் என்ற கணக்கில், ஒரு தொண்டர் ஜலதோஷமென்று படுத்தால் ஒரு பிள்ளையின் முறை தவறிப்போகிறது. வாரம் ஒரு மணி நேரந்தானே என்று வருகிறவர்கள், அந்த ஒரு மணி நேரத்துக்குத் தவறாமல் வந்தாக வேண்டும்.

கண் தெரியாதவர்களும் டிரஸ்ஸாஜ் ஆடுகிறார்கள் என்பதைச் சொல்ல மறந்தேனே. மைதானத்தின் ஓரங்களில் எழுத்துப் பலகைகள் உண்டு. இன்ன எழுத்தில் திரும்பு, இன்ன எழுத்தில் நில் என்பதே ஆட்டம். பலகை தெரியாதவர்களுக்காக ஒவ்வோர் எழுத்தருகிலும் ஓர் ஆள் நின்று அந்த எழுத்தை உரக்கச் சொல்வார். "ஏ!" என்று ஒரு குரல், தூரத்திலிருந்து "ஸி!" என்று இன்னொரு குரல். இடம் போ, வலம் போ, ஜாக்கிரதை என்றெல்லாம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. குதிரைக்காரி குரலைக் கேட்டு, தானே கணக்குப் போட்டு, தானே திரும்பிக்கொள்வாள்.