விரலுக்கேற்ற விளையாட்டு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நாகடோச்சஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் அரசுப் பல்கலைக்கழகம். பெரிதுமல்ல, சிறிதுமல்ல. பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் போட்டியில் அதன் பெண்கள் அணி 2016, 2019 ஆகிய இரு ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றது. 2025 மே மாதம் அந்த அணியையும், பெண்கள் பீச் வாலிபால், ஆண்கள், பெண்கள் கோல்ஃப் அணிகளையும் நிர்வாகம் ஒரே அறிவிப்பில் கலைத்தது. பணப் பற்றாக்குறை என்பதே சொல்லப்பட்ட காரணம். மாணவிகள் நீதிமன்றம் போனார்கள். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டப்படி, பெண்கள் அணிகள் தொடர வேண்டும் என ஆகஸ்டில் இடைக்கால உத்தரவு பெற்றார்கள்.

இந்தப் பற்றாக்குறை ஒரு வளாகத்தோடு நிற்கவில்லை. கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. இறங்கிவந்தது. 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் உடன்பாட்டை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். அவ்வாண்டு ஜூலை முதல் பல்கலைக்கழகமே தன் வீரர்களுக்கு, முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, நேரடியாகப் பங்கு தரலாம் என்றானது. முன்னாள் வீரர்களுக்கான 280 கோடி டாலர் இழப்பீட்டில் ஒரு பகுதியை ஈடுகட்ட, சங்கம் சிறிய பல்கலைக்கழகங்களுக்குத் தரும் தொகையிலும் கைவைத்திருக்கிறது.

வீரர்களுக்குப் பணம் தருவதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பல பத்தாண்டுகளாக அவர்கள் உழைப்பில் பயிற்சியாளர்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் கொழித்தார்கள். இந்த நீதி தாமதமாகவே வந்தது. ஆனால் 2 கோடி டாலர் என்பது உச்சவரம்பு. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. தொலைக்காட்சி உரிமையில் கோடிகளை அள்ளும் பெரிய பல்கலைக்கழகங்களோடு இந்தப் பந்தயத்தில் ஓட நடுத்தரப் பல்கலைக்கழகங்கள் முயலக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

அவை ஓடும்போது செலவு யார் தலையில் விழுகிறது? இந்த அடுக்கிலுள்ள பல அரசுப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறைச் செலவில் பாதிக்கும் மேல் மாணவர் கட்டணத்திலிருந்தும் பொது நிதியிலிருந்தும்தான் வருகிறது. டிக்கெட் விற்பனை அந்தப் பள்ளத்தை நிரப்பாது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3.31 லட்சம் இந்திய மாணவர்கள் இருந்தார்கள். இத்தகைய கட்டணம் உள்ள வளாகத்தில் சேர்ந்தவர், மைதானத்தின் பக்கமே போகாவிட்டாலும், வங்கிக் கடனில் வந்த பணத்தில் அதையும் சேர்த்தே கட்டுகிறார்.

விளையாட்டு தரும் விளம்பரத்துக்கு விலையே இல்லை என்பார்கள். 2022-இல் ஜெர்சி சிட்டியின் சிறிய செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம் கென்டக்கியை வீழ்த்தி, கூடைப்பந்தில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. நாடே கொண்டாடியது. அடுத்த சில வாரங்களில் பயிற்சியாளர் ஷாஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்; முக்கிய வீரர்கள் பலரும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறினார்கள். ஆட்டக்காரர் எந்த ஆண்டும் அணி மாறலாம், அதிகம் தருபவர் அழைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், நடுத்தரப் பல்கலைக்கழகம் வளர்த்துவிடும் வேலையை மட்டும்தான் செய்கிறது. அறுவடை வேறு வீட்டில்.

ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இந்தக் கணக்கை முன்னரே போட்டுப் பார்த்தது. 2021 மார்ச்சில் முதன்முறையாகத் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குள் நுழைந்து, அவ்வாண்டு கோப்பையை வென்ற பேய்லரிடம் 79-55 எனத் தோற்றது. அதே ஆண்டு மே மாதம், என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவை விட்டு, செலவு குறைந்த மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாக அறிவித்தது. ஆண்டுக்கு 92 லட்சம் டாலர் மிச்சமாகும் என்றது ஆலோசகர் அறிக்கை. முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள். வீரர்களைக் கலந்து பேசாமல் முடிவெடுத்த முறை தவறுதான், முடிவு சரி. எம்.ஐ.டி.யும் சிகாகோவும் மூன்றாம் பிரிவில்தான் ஆடுகின்றன. எம்.ஐ.டி.யில் 30-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. அவற்றின் மதிப்பு இதனால் இம்மியளவும் குறைந்ததாக யாரும் சொல்வதில்லை.

இறங்குவதற்கு விலை உண்டு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகை கிடையாது. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆண்டுகளில் கல்லூரி டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். அதுபோன்ற வழி நடுத்தரப் பல்கலைக்கழகங்களில் அடைபடும். ஆனால் பந்தயத்தில் நீடிக்கும் இடங்களிலும் முதலில் வெட்டுப்படுவது டென்னிஸ், நீச்சல், கோல்ஃப்தான். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியைக் கைவிட்டது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து என்ற இரண்டு ஆட்டங்களுக்குத் தீனி போட மற்றவற்றைப் பட்டினி போடுவதைவிட, எல்லா அணிகளோடும் ஒரு படி இறங்குவது நேர்மையானது.

ஊரே முன்வந்து செலவை ஏற்றால் கதை வேறு. அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள பல்கலைக்கழகத்தில் 2014 டிசம்பரில் நிறுத்தப்பட்ட அமெரிக்கக் கால்பந்து அணியை, நகரத்தாரும் நன்கொடையாளர்களும் பணம் திரட்டி மீட்டார்கள். 2017-இல் களம் திரும்பிய அணி மறு ஆண்டே லீக் பட்டம் வென்றது. விரும்பியவர் தம் பணத்தைப் போட்டார். மாணவரின் கட்டணத்தில் அப்படிச் சூதாட நிர்வாகத்துக்கு உரிமை இல்லை.

ஆகவே நடுத்தரப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிமன்றங்கள் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் மூன்றைச் செய்ய வேண்டும். விளையாட்டுக்கென வாங்கும் தொகையைக் கட்டண ரசீதில் தனி வரியாகக் காட்டி, அதை உயர்த்துமுன் மாணவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எந்த அணியையும் கலைக்குமுன் விமானப் பயணங்களையும் பயிற்சியாளர் சம்பளத்தையும் குறைத்து, பக்கத்துப் பல்கலைக்கழகங்களோடு ஆடும் லீக்குக்கு மாற வேண்டும். இப்போதுள்ள வீரர்களுக்கு வாக்களித்த உதவித்தொகையைப் பட்டம் பெறும்வரை தர வேண்டும். இவற்றுக்குப் பிறகும் பணம் போதவில்லையென்றால், தயங்காமல் மூன்றாம் பிரிவுக்கு விண்ணப்பிக்கட்டும்.