கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தாள்



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வசிக்கும் நமது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையில் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக, படுக்கையறை, குசினி, குளியலறை எல்லாம் கொண்ட பெரிய இழுவை வீடொன்றை வாங்கவிருக்கிறார்களாம். சாமான்களோடு அதன் உச்ச எடை 14,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 6,350 கிலோ. அதை இழுக்க முக்கால் தொன் வகை டீசல் பிக்கப் ஒன்றைக் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். "17,000 இறாத்தல் இழுக்கும் வண்டிக்கு இது ஒரு பாரமா?" என்று விற்பனையாளர் சிரித்தாராம். "எனக்கு மனம் ஒப்பவில்லை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று சகோதரி கேட்கிறார்.

சகோதரி, உங்கள் மனம் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. விற்பனையாளர் முதலாவதை மட்டுமே சொன்னார்.

நீங்கள் வாங்கவிருப்பது 'ஐந்தாம் சில்லு' வகை இழுவை. குதிரை வண்டிகளின் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் வைத்த வளையத்துக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் இது. கொழும்பில் கொள்கலன் இழுக்கும் லொறிகளைப் பார்த்த நம் சகோதரிகளுக்கு இது விளங்கும். பின்னால் வருவதன் முன்பாகம் லொறியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் அல்லவா? இதுவும் அப்படித்தான். இழுவை வீட்டின் முன்புறத்தில் கீழ்நோக்கி நிற்கும் இரும்பு முளை, பிக்கப்பின் சாமான் தட்டில் பொருத்திய கொளுவியில் அமர்கிறது. வீட்டின் எடையில் 20 முதல் 25 வீதம் வரை அந்த முளை வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்குகிறது. சாதாரண இழுவைகளில் கொளுவியின் மேல் இறங்குவது 10 முதல் 15 வீதம்தான்.

இனிக் கணக்கைப் போடுவோம். 14,000இல் 20 வீதம் என்றே குறைத்துப் பிடித்தாலும் 2,800 இறாத்தல். கொளுவிக்கு 150, நீங்கள் நால்வரும் 550, கருவிகளும் கைப்பொருள்களும் 100. மொத்தம் 3,600 இறாத்தல். இப்போது பிக்கப்பின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சிறிய தாளைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேற்படக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். முக்கால் தொன் டீசல் வண்டிகள் பலவற்றில் அது 2,300ஐ ஒட்டியே இருக்கும். அப்படியானால் உங்கள் குடும்பம் புறப்படும் முன்பே 1,300 இறாத்தல் மிகை! இந்தப் பாரத்தைத் தாங்குவது பின் அச்சும், விற்சுருளும், டயரும். இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டியதும் அதே வண்டிதான்.

ஆகவே உங்களுக்குப் பொருத்தமானது 'ஒரு தொன்' வகை. போர்ட், ரேம் போன்ற கம்பனிகளில் 350, 3500 என்ற இலக்கங்களோடு வருபவை அவை. முக்கால் தொன், ஒரு தொன் என்பதெல்லாம் பழைய வழக்கில் நின்றுவிட்ட பெயர்கள். அவை உண்மையில் சுமக்கும் அளவல்ல. ஒரு தொன் வகையிலும் வண்டிக்கு வண்டி அளவு வேறுபடும். முளைப் பாரம் 25 வீதமானால் உங்கள் மொத்தம் 4,300 ஆகிவிடும். அதற்கும் இடம் வைத்துப் பாருங்கள். பின்னால் இரட்டைச் சில்லு பூட்டிய வண்டி கூடுதலாகச் சுமக்கும், ஆடாமலும் நிற்கும். டீசல் இயந்திரம் மலையேற வலியது என்றாலும், அதன் சொந்த எடை அதிகம் என்பதால் சுமக்கும் அளவு குறைகிறது. கனத்த வண்டி சிலவற்றில் அந்தத் தாள் இல்லாவிட்டால், அனுமதித்த மொத்த எடையிலிருந்து, எரிபொருள் நிரப்பித் தராசில் நிறுத்த வண்டியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பின் அச்சுக்கும், வண்டியும் வீடும் சேர்ந்த எடைக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. அவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெற்று வீட்டின் எடையைக் காட்டி ஒருவர் உங்களைச் சமாதானப்படுத்தக்கூடும். ஏமாற வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லீற்றர் தாங்கி நிரம்பினால் 200 கிலோ. சட்டி பானை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் என்ன கனக்கும் என்பது வீட்டை நடத்தும் உங்களுக்குத்தானே தெரியும்? எனவே உச்ச எடையை வைத்தே கணக்குப் பாருங்கள்.

அனுமதிப்பத்திரத்தையும் மறக்கலாகாது. கலிபோர்னியாவில் 10,000 இறாத்தலுக்கு மேல் 15,000க்குட்பட்ட ஐந்தாம் சில்லு இழுவை வீட்டை ஓட்ட, சாதாரண 'சீ' வகுப்புப் பத்திரத்தில் எழுத்துப் பரீட்சை எழுதி ஒரு மேலொப்பம் பெற வேண்டும். 15,000க்கு மேற்பட்டால் வணிகம் சாராத 'ஏ' வகுப்புப் பத்திரம் தேவை. இழுவையோடு செல்லும் வண்டிக்கு அங்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல். மற்ற மாநிலங்களின் சட்டம் வேறு. எல்லை தாண்டுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின், சாமான்களை ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையோர லொறித் தரிப்பிடத் தராசு ஒன்றில் அச்சு அச்சாக நிறுத்துப் பாருங்கள். வீட்டைக் கொளுவியபோது பிக்கப்பின் அச்சுகளில் விழும் எடையிலிருந்து, கழற்றிய பின் உள்ள எடையைக் கழித்தால் முளையின் உண்மையான பாரம் தெரிந்துவிடும்.

சகோதரி, இது கணவரோடு வாதாடும் விடயமல்ல. ஒரு தாளில் இந்தக் கூட்டலை எழுதி, கையெழுத்திடும் முன் அவரோடு போய்க் கதவைத் திறந்து இருவருமாகப் படியுங்கள். பின்னாசனத்தில் இருக்கப் போவது உங்கள் இருவரின் பிள்ளைகள் அல்லவா?

அடுத்த இதழில் சந்திப்போம்.