வேண்டிச் செய்வித்த கருவி

உடலை அளந்து ஆடை தைப்பித்தல் தகும் என்பதை மறுப்பார் இலர். கையை அளந்து இசைக்கருவி செய்வித்தல் தகும் என்றாலோ நகைப்பார் பலர். சின்னாட்களுக்கு முன்னர் எம் விடுதியில் இத்தகைய நகைப்பு ஒன்று எழுந்தது. பாஸ் கிதார் பயிலும் நண்பர் ஒருவர், தாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு, தனித்துத் தொழில் புரியும் வினைஞர் ஒருவரிடம் தமக்கென ஒரு கருவி செய்வித்துக்கொள்ளக் கருதியிருப்பதாகக் கூறினார். "கடையில் இல்லாத கருவியோ?" என்றார் ஒருவர், "இது செல்வச் செருக்கு" என்றார் மற்றொருவர். யானும் உடன் நகைத்தேன். பின்னர் அந்நகைப்பு முறையன்று எனத் தெளிந்தேன். அதன் காரணத்தை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

மின்விசைப் பாஸ் கிதார் நெடுங்காலப் பழமை உடையதன்று. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பார் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன்' பாஸே அவ்வகையுள் உலகெங்கும் பரவிய முதற்கருவி. நின்று வாசிக்கும் பெரிய டபுள் பாஸின் நான்கு நரம்புகளையும் அவற்றின் சுருதியையும் அவர் அவ்வாறே மேற்கொண்டார். விரல் வைக்கும் இடம் பிழையாதிருக்க மெட்டுக்களைப் பதித்தார். மேருவுக்கும் குதிரைக்கும் இடையே 34 அங்குல நீளம் அமைத்தார். நரம்பின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் கூடிய 'பிக்கப்' மின்னலையாக்கும். ஒலிபெருக்கி அதனை முழக்கும். தண்டியைத் திருகாணிகளால் உடலிற் பிணைத்தமையின் செய்தலும் எளிது, செப்பனிடுதலும் எளிது.

தொழிற்சாலைக் கருவியை இகழ்தல் என் கருத்தன்று. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுக்களிற் பாஸ் வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் தம் கையிற் பெரிதும் ஆண்டது 1962-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற பிரிசிஷன் பாஸ் ஒன்றையே. அவர் உள்ளத்தில் எழுந்த இசை அக்கருவியில் அடங்கிற்று. ஆதலின் வேறொன்று அவருக்கு வேண்டுவதாயிற்றில்லை. கடைக்கருவி போதுமானவர்க்குக் கடைக்கருவியே சிறந்தது.

ஆனால் எல்லார்க்கும் அது போதுமோ? ஜேமர்சனின் வாசிப்பிற் பெரிதும் ஈடுபட்ட நியூயார்க் கலைஞர் அந்தோனி ஜாக்சனுக்கு அது போதவில்லை. பாஸ் கிதார் என்பது கிதார்க் குடும்பத்தின் கடைக்குட்டியன்றோ, கிதாருக்கு ஆறு நரம்பு இருக்க இதற்கு மட்டும் நான்கு ஏன் என்பது அவர் எழுப்பிய வினா. டபுள் பாஸைப் பின்பற்றியதே காரணமன்றி இயற்கை வகுத்த எல்லை யாதுமில்லை எனக் கண்ட அவர், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு நரம்புகளைக் கூட்ட விரும்பினார். நான்கு நரம்புக் கருவியின் அடிநரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அவர் வேண்டிய புதிய அடிநரம்போ ஏறத்தாழ 31 முறையே அதிர்வது. அத்தகைய கருவி அன்று கடைகளில் இல்லை. கார்ல் தாம்சன் என்னும் வினைஞர் அதனை அவருக்கு 1975-இற் செய்து கொடுத்தார்.

அம்முதற்கருவி ஜாக்சனுக்கு முழுதும் இசைந்ததில்லை. நரம்புகளின் இடைவெளி அவர் கைக்குக் குறுகியிருந்தது. எனினும் அவர் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர். கென் ஸ்மித் என்பாரிடமும், பின்னர் 1983-இல் புரூக்ளினில் தொடங்கப்பெற்ற ஃபொடேரா பட்டறையிலும் மீண்டும் மீண்டும் செய்வித்தார். இடைவெளி அகன்றது, நீளம் 36 அங்குலமாயிற்று. நீளம் ஏன் கூடவேண்டும் எனின், ஒரே நரம்பை ஒரே சுருதியில் நிறுத்துங்கால் அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 34 அங்குலம் 36 ஆகுங்கால் இழுவிசை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடும். தடித்த அடிநரம்பு தளர்ந்து குழறாமல் தெளிந்து ஒலிக்கும். இன்று ஐந்து நரம்பும் ஆறு நரம்பும் உடைய பாஸ்கள் கடைகளிலேயே விலைக்குக் கிடைக்கின்றன. அன்று ஒருவர் வேண்டிச் செய்வித்தது இன்று பலர்க்கும் பொதுவாயிற்று.

இதனால் அறியத்தக்கது யாது? செய்விப்போன் தன் இசையில் உள்ள குறையைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். பலர் மரத்தின் வரியழகையும் மெருகின் நிறத்தையும் பற்றியே நெடிது பேசுவர். நரம்புகளின் இடைவெளி, கருவியின் எடை, தோளில் மாட்டும்போது தண்டி தாழ்கின்றதா என்பவற்றை வினவார். அழகு கண்ணுக்கு, அளவு கைக்கு. சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையின் அவையிற் சீவகன் தன்முன் கொணர்ந்த யாழ்களை நோக்கி, இது நீரில் நின்று நெகிழ்ந்த மரம், இது வெட்டுப்புண் பட்டது, இஃது இடியேறு உண்டது எனக் குற்றங்கண்டு விலக்கியதை நாம் பாடங்கேட்டிருக்கின்றோம். அவன் விலக்கியது அழகின்மை கருதியன்று. மரத்தின் குற்றம் ஒலியிற் புகும் என்பது கருதியே. நன்கு உலராத மரத்தாற் செய்த தண்டி பின்னர் வளையும் என்பதை இன்றைய வினைஞரும் அறிவர்.

செய்விப்போனுக்குக் கடமைகளும் உண்டு. வினைஞர் கேட்கும் முன்பணத்தை மனமுவந்து அளித்தல், வேலை நடக்குங்கால் நாள்தோறும் கருத்தை மாற்றாதிருத்தல், காலம் தாழ்ப்பினும் பொறுத்தல் என்பன அவை. அனைத்தினும் பெரியது ஒன்று உளது: வினைஞர் 'இது தகாது' எனக் கூறும் உரிமையை மதித்தல். தன் சொல்லுக்கெல்லாம் தலையசைக்கும் வினைஞரை நாடுவோன் கூலியாளை நாடுகின்றானேயன்றிக் கலைஞரை நாடுகின்றானல்லன்.

பொருள் மிகச் செலவாகும், ஒருவர் கைக்கு அமைந்ததை மற்றொருவர்க்கு விற்றலும் அரிது என்பர். உண்மையே. ஆதலாலன்றோ வேண்டுதல் மெய்யானதா எனத் தன்னைத்தான் முன்னரே வினவுதல் இன்றியமையாததாகின்றது!

யான் பின்னொரு நாள் அந்நண்பரைத் தனியே கண்டு, "நும் குறை யாது?" என வினவினேன். அவர் இடக்கை வழக்கமுடையவர், விரல்கள் குறியன, அவர் பயிலும் இசைக்கோ ஐந்தாம் நரம்பு வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த கருவியை அவர் கடைதோறும் தேடியும் கண்டிலர். 30 அங்குல நீளத்தில் ஒன்று செய்து தருமாறு வினைஞருக்கு எழுதினாராம். "அந்நீளத்தில் அடிநரம்பின் இழுவிசை 34 அங்குலத்தில் இருப்பதினும் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு குறையும், நரம்பு தளர்ந்துவிடும். 32 அங்குலமாயின் செய்வேன், 30 ஆயின் செய்யேன்" என மறுமொழி வந்ததாம். நண்பர் முதலில் வருந்தினார். பின்னர் 32 அங்குல அளவைத் தாளில் வரைந்து, அதன்மேல் தம் விரல்களை வைத்து நாள்தோறும் பழகி, இயலும் எனக் கண்டபின் உடன்பட்டார். இன்னும் பொருள் சேர்த்துக்கொண்டிருக்கின்றார்.

தன் குறையைத் தானறிந்த ஒருவரும், தகாததைத் தகாது என்று சொல்லவல்ல ஒருவரும் கூடுமிடத்தில் செருக்குக்கு இடமேது? அன்று யாம் நகைத்தோம், "நும் குறை யாது?" என்று ஒருவரேனும் கேட்டிலோம். குறை கருவியிலா, நம் கேள்வியிலா என்பதை மாணவ நண்பர்களே எண்ணித் துணிவாராக.