மந்தமான கம்ப்யூட்டரை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள்

பெரிய அப்டேட் ஒன்று முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் நத்தை போல நகர ஆரம்பித்தால், நம் வயதுக்காரர்களுக்குக் கிடைக்கும் யோசனை ஒன்றே ஒன்றுதான்: "மெஷினுக்கு வயசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க." கடைக்காரர் சொல்வார், வெளியூரில் இருக்கும் மகன் சொல்வான், அடுத்த வீட்டுப் பையனும் சொல்வான். வயதாகிவிட்டது என்பது ஒரு காரணமே ஆகாது என்பது என் கட்சி. மூட்டு வலி என்று போனால் "வயசானா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பும் டாக்டரிடம் நாம் மறுபடி போவோமா? எங்கே வலி, எதனால் வலி என்று பார்ப்பவர்தானே டாக்டர்?

நம்மில் பலருக்கு இன்று கம்ப்யூட்டர் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. வருமான வரிக் கணக்கு, டெபாசிட் புதுப்பித்தல், நவம்பர் மாதத்து ஜீவன் பிரமாண், பேரன் பேத்தியின் முகம் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. பென்ஷனிலிருந்து நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் எடுத்து வைப்பதும் லேசான காரியம் இல்லை. அதனால் பணத்தை எடுக்கும் முன் செய்ய வேண்டிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு நாள் பொறுத்திருப்பது. அப்டேட் முடிந்துவிட்டது என்று திரை சொன்னாலும் உள்ளே வேலை முடிவதில்லை. ஃபைல்களைத் தேடுவதற்கான பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும், வைரஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும், மற்ற புரோகிராம்களின் புதிய பதிப்புகளையும் இறக்கும். புது வீட்டுக்குக் குடிபோனால் சாமான்களை ஒழுங்கு செய்ய நாலு நாள் ஆகிறதல்லவா, அதுபோலத்தான்.

இங்கே நம் தலைமுறையின் நல்ல பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. வேலை முடிந்ததும் ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைப்போம். தினம் அரை மணி நேரம் மட்டும் திறக்கப்படும் கம்ப்யூட்டர், பாக்கி வேலையையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் செய்தாக வேண்டும். நாமும் அதே நேரத்தில் பேங்க் கணக்கைத் திறக்கப் பார்ப்போம். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரு ராத்திரி முழுக்க, தூங்கும் நிலைக்குப் போகாதபடி செட்டிங்ஸில் மாற்றிவிட்டு, சார்ஜரில் போட்டு விட்டுவிடுங்கள். பல மெஷின்களின் நோய் அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, பொறுத்தும் தீரவில்லை என்றால் உள்ளே எட்டிப் பார்ப்பது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் சதவீதக் கணக்கு ஓடும். எது நூறை ஒட்டி நிற்கிறதோ அங்கேதான் வலி.

மெமரி நிரம்பியிருந்தால், கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்களைக் குறைக்கலாம். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில் அவற்றின் பட்டியல் இருக்கிறது. வேண்டாததை நிறுத்தி வைக்கலாம். இலவசமாக வந்ததும் விலைக்கு வாங்கியதுமாக இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரே வாசலுக்கு இரண்டு காவல்காரர்கள் இருந்தால் அவர்களுக்குள் சண்டைதான் நடக்கும்.

டிஸ்க் நூறில் நின்றால் பெரும்பாலும் அது பழைய ஹார்டு டிஸ்க்காக இருக்கும். இதை நமக்குப் புரிய வைப்பது எளிது. ஹார்டு டிஸ்க் என்பது கிராமபோன் தட்டுதான். லேப்டாப்களில் அது நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றும். மேலே முள்ளைப் போல ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கும். அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் விஷயங்களை எடுக்க, விநாடிக்கு நூறு முறை அளவில்தான் அதனால் தாவ முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது. விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுக்கும். இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் கை வைக்கிறது. ஒரே முள்ளை வைத்துப் பத்துப் பாட்டு போடச் சொன்னால் தட்டு என்ன செய்யும்?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய 2018 லேப்டாப் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவே ஆறு நிமிஷம் எடுத்தது. "ப்ராசஸர் போயிடுச்சு" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். ப்ராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை, டிஸ்க் நூறில் நின்றது. எஸ்.எஸ்.டி. மாற்றி, இன்னொரு 4 ஜி.பி. மெமரியும் சேர்த்தார். ஐயாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது அரை நிமிஷத்தில் திறக்கிறது.

மூன்றாவது, நாளைக் குறித்து வைப்பது. விண்டோஸ் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறினால், பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் தருகிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி என்று போனால் அந்த வழி இருக்கும். அதற்குப் பின் பழைய ஃபைல்களை அதுவே அழித்துவிடும். திரும்புவதானாலும் டிஸ்க் மாற்றுவதானாலும், முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லியாக வேண்டும். திடீரென்று திரையில் எச்சரிக்கை தோன்றி, கீழே ஒரு போன் நம்பர் இருந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் கொடுப்பதே இல்லை. "ஸ்லோவா இருக்கா, நான் இங்கிருந்தே சரி பண்றேன்" என்று யாராவது போனில் சொன்னால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பயந்துபோய் அப்டேட்டையே நிறுத்தி வைப்பதும் சரியல்ல. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே அதன் முக்கிய வேலை. பேங்க் கணக்கு திறக்கும் மெஷினில் அதை மறுக்கக் கூடாது.

கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே மந்தமாக்குகிறார்கள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்திருப்பதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் காக்கத்தான் என்றது. அதை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டதற்காக 2020-ல் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ அபராதம் விழுந்தது. அந்தப் போன்களுக்கு மருந்து புதுப் போன் இல்லை, புது பேட்டரி. முதலிலேயே சொல்லியிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றியிருப்போமே என்பதுதான் ஜனங்களின் கோபம்.

என் கோபமும் அதுதான். ஹார்டுவேரின் வேகம் கூடுவதைவிட மென்பொருளின் மந்தம் சீக்கிரம் கூடுகிறது என்று, பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் வெர்த் 1995-லேயே குறைபட்டுக்கொண்டார். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 95-க்கு 4 எம்.பி. மெமரி போதும் என்றார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. வேண்டும். ஆயிரம் மடங்கு! நாம் அடிக்கும் கடிதம் என்னவோ அதே ஒரு பக்கம்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக ஓடும் எத்தனையோ மெஷின்கள், அதற்குரிய பாதுகாப்புச் சில்லு இல்லை, ப்ராசஸர் பழையது என்பதற்காக 11-க்குப் போக முடியாமல் நிற்கின்றன. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துக்கொள்ள வழி வைத்தார்கள். அதற்குப் பிறகும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு, படிக்கவும் எழுதவும் அதே மெஷினை வைத்துக்கொள்ளலாம்.

அப்டேட் செய்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பின்னணி வேலை நடக்கிறதென்றால் "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று திரையில் தமிழில் போடட்டும். உள்ளே இருப்பது சுற்றும் தட்டு என்றால், "இந்த டிஸ்க்கை மாற்றாவிட்டால் மந்தமாகும்" என்று அப்டேட்டுக்கு முன்பே சொல்லட்டும். மெஷினுக்குள் இருப்பதெல்லாம் அதற்குத் தெரியும், நமக்குச் சொல்வதற்குத்தான் மனம் இல்லை.

மதர்போர்டே போய்விட்டால் புதிது வாங்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வாங்கச் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாஸ்க் மேனேஜரில் எது நூறில் நிற்கிறது?" அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் கையில் உங்கள் பென்ஷன் பணத்தைக் கொடுக்காதீர்கள்.